நாலு ஸ்டேஷன் இங்கிலீஷ்

எச்.ஆர். புருஷோத்தமன் சார் காலை மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தாலே எனக்குப் பிடிக்காது. நல்ல சேதி என்றால் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். கெட்ட சேதிக்குத்தான் மைக்.

"பழைய லைன் சீக்கிரமே நிக்கப் போகுது. புது லைனுக்கு மெஷின் வியட்நாம்லேர்ந்து கப்பல்ல வருது. சொல்லிக் குடுக்க அங்கேர்ந்து ஒரு மேடமும் வர்றாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு வியட்நாம் பாஷை தெரியாது. அதனால இங்கிலீஷ் படிச்சுப் புரிஞ்சுக்கறவங்க, நாலு வார்த்தை பேசறவங்க மட்டும் புது லைனுக்கு. அவங்க பேரு கம்பெனி ரோல்ல ஏறும். மத்தவங்களுக்கு கான்ட்ராக்ட் முடியுது. டெஸ்ட் வைப்போம், தயாராயிக்குங்க."

நான் கையைத் தூக்கினேன். "போன் சார்ஜருக்கு மூடி போட இங்கிலீஷ் இன்னாத்துக்கு சார்? மூடி இன்னா இங்கிலீஷா பேசுது?"

வரிசை மொத்தமும் சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "கேள்வி கேக்கறதுல குறைச்சல் இல்ல ராஜாமணி. அதே வாயால படிங்க," என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார்.

அப்போது சிரிக்க வைத்தேனே தவிர, எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முப்பத்தேழு வயது. இது மூன்றாவது கம்பெனி. முதல் இரண்டிலும் கான்ட்ராக்ட் முடிந்த அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, கை கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அப்போதெல்லாம் அடுத்த வாரமே வேறு கேட்டில் போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வரைக்கும் எந்த கேட்டைப் பார்த்தாலும் 'பெண்கள் தேவை, வயது 18 முதல் 28 வரை' என்று போர்டு தொங்குகிறது. இந்த வேலை போனால் எனக்கு அடுத்த வேலை கிடையாது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் திருமலை படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடையாள அட்டை மஞ்சள் நாடாவில் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், "கழுத்துல ரெண்டு மஞ்சக் கயிறு. ஒண்ணு பர்மனென்ட், ஒண்ணு கான்ட்ராக்ட்," என்பார். "எது கான்ட்ராக்ட்டுன்னு நீ நடந்துக்கறதப் பொறுத்து கீது," என்பேன். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அவர் அந்தக் கிண்டலைச் சொல்லவில்லை. அதிலேயே எனக்கு நிலைமை புரிந்துவிட்டது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பூஜாதான் வழி காட்டினாள். பூஜா டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் லைனில் டெஸ்டிங் பார்க்கிற பெண், வயது இருபத்தொன்றுதான். பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்து நீட்டினாள். "அக்கா, இதப் பாருங்க. இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே ஒரு சைட். படிக்கிறதுக்குக் குட்டிக் குட்டிக் கதை, கிராமர், எல்லாம் ஃப்ரீ. டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்துக்கலாம்."

"சும்மா தர்றானா? பின்னாடி இன்னாவோ கேப்பான்."

"ஒண்ணும் கேக்கல அக்கா. கீழ போட்டுக்கீது பாருங்க, யார் வேணா எடுத்து யாருக்கு வேணா குடுக்கலாம்னு."

பக்கத்து சீட்டில் இருந்த அமலா எட்டிப் பார்த்தாள். அமலா என் கூட்டாளி. லைனில் எனக்கு அடுத்து நின்று ஸ்க்ரூ போடுகிறவள். வயதும் என் வயதுதான், பயமும் என் பயம்தான். "ஓசியில குடுத்தா பினாயிலயும் குடிப்பாங்கன்னு சொல்வாங்க. இது பாடந்தானே, குடிச்சுப் பாப்போம்டி," என்றாள்.

படப்பை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தோம். ஒவ்வொரு பாடமும் ஒரே மாதிரி இருந்தது. மேலே ஒரு குட்டிக் கதை. பீட்டர் என்று ஒருவன், எப்போது பார்த்தாலும் எங்காவது கிளம்பிக்கொண்டிருப்பான். ஏரிக்குப் போவான், சந்தைக்குப் போவான், மழையில் நனைவான், நாயைத் தொலைப்பான். கதைக்குக் கீழே புது வார்த்தைகள். அதற்கும் கீழே கேள்விகள். கட்டக் கடைசியில் விடைகள். எழுதின புண்ணியவான் யாரோ, எந்த ஊரோ. எங்கோ ஒரு வாத்தியார் உட்கார்ந்து, கண்ணால் பார்க்காத எங்களுக்காக இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அவர் மேல் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது.

படிக்க ஆரம்பித்ததும் அந்தப் பாசம் குறைந்தது. ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் பஸ் கம்பெனிக்கு வந்துவிட்டது. மறுநாள் உட்கார்ந்தால் முதல் நாள் படித்தது ஞாபகம் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாங்கள் எப்படி வேலை செய்கிறோம்? ஒரு ஆள் ஒரு சார்ஜரை முழுசாகச் செய்வதில்லை. இசக்கிபாண்டி போர்டை உள்ளே வைப்பான், நான் மூடியை அழுத்துவேன், அமலா ஸ்க்ரூ போடுவாள், பூஜா கரன்ட் கொடுத்துப் பார்ப்பாள். ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டேஷன். அதனால்தான் ஷிப்ட் முடிவதற்குள் அத்தனை ஆயிரம் பீஸ் இறங்குகிறது.

"இங்கிலீஷையும் லைன்ல ஓட்டுவோம்," என்றேன். "பாடத்துல நாலு பாகம் கீது, நாம நாலு பேரு. ஆளுக்கு ஒண்ணு."

பூஜாவுக்குக் கண் விரிந்தது. அமலா, "அந்தோணியாரே, உனக்கும் மூளை கீதுடி," என்றாள்.

இசக்கிபாண்டிக்குத் தென்காசிப் பக்கம் ஊர். படப்பையில் ரூம் எடுத்து ஊர்ப் பையன்களோடு தங்கியிருக்கிறான். குரல் வெண்கலக் குரல். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் பேர் சொல்கிறவனைப் போல நீட்டி முழக்குவான். அதனால் கதையை உரக்கப் படிக்கிற ஸ்டேஷன் அவனுக்கு. வார்த்தைக்கு அர்த்தம் பூஜாவுக்கு. கேள்வி எனக்கு. அதற்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை. விடை அமலாவுக்கு. தாளையும் கத்தரியால் நாலாக வெட்டி அவரவர் துண்டை அவரவர் வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு பஸ்ஸில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! படப்பையில் இசக்கி ஆரம்பிப்பான். "பீட்டர் வென்ட் டு த மார்க்கெட்!" பூஜா வார்த்தைகளைப் படபடவென்று சொல்லுவாள். நான் கேள்வியை எடுத்து விடுவேன். யாரு, எங்க, எப்ப, ஏன், யார் கூட. நான் கேட்டு வாய் மூடுவதற்குள் அமலா டக்கென்று விடை சொல்லிவிடுவாள். அடுத்த பாடம். ஒரகடம் தாண்டுவதற்குள் கட்டுக் கட்டாக முடித்தோம். டிரைவர் கன்னியப்பன் அண்ணன் எஃப்.எம்மையே நிறுத்திவிட்டார். பஸ் கிளம்பும்போது, "இன்னிக்கு பீட்டர் எங்க போறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போடுவார். பீட்டர் நாயைத் தொலைத்த அன்று, அது கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் பின் சீட்டுக்காரர்கள் இறங்க மாட்டேன் என்றார்கள்.

மற்றவர்கள் பத்துப் பாடத்தில் திணறிக்கொண்டிருக்க, நாங்கள் நூறைத் தாண்டினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் நடக்கும்போதே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

டெஸ்ட் நாளும் வந்தது. கேன்டீனுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ட்ரெய்னிங் ரூம். நாங்கள் நாலு பேரும் வரிசையாக, ஸ்டேஷன் வரிசைப்படியே நின்றோம். இசக்கி தொண்டையைச் செருமிக்கொண்டான். கதவைத் திறந்து புருஷோத்தமன் சார் தலையை நீட்டினார்.

"இசக்கிபாண்டி, வாங்க."

நாலு பேரும் உள்ளே காலை வைத்தோம்.

"எங்க எல்லாரும்? இசக்கிபாண்டி மட்டும்."

"மட்டும்னா?" என்றேன்.

"மட்டும்னா மட்டும்தான் ராஜாமணி. ஒருத்தர் ஒருத்தராத்தான் டெஸ்ட்." கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் டெஸ்ட் தனித்தனியாக நடக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அந்தக் கம்பெனியில் எங்களை யாரும் தனித்தனியாக எண்ணியதே கிடையாது. 'மூணாவது லைன் அவுட்புட் எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள். திட்டினாலும் லைனைத் திட்டுவார்கள். பாராட்டினாலும் லைனுக்கு ஒரு கேக்.

உள்ளே இசக்கியின் குரல் கணீரென்று கேட்டது. கண்ணாடியே அதிர்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் அவன் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான்.

"யக்கா, நல்லாத்தான் படிச்சேன். படிச்சு முடிச்சதும் அந்த வியட்நாம் அம்மா என்னமோ கேட்டாவ. அது நம்ம ஸ்டேஷன் இல்லையேக்கா, நான் என்னத்தச் செய்ய?"

அடுத்து பூஜா. போன வேகத்தில் வந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "ஒவ்வொரு வார்த்தையும் தெரியுதுக்கா. சேத்து வச்சுக் கேட்டா ஒண்ணும் ஓடல."

அடுத்து என்னை விட்டுவிட்டு அமலாவைக் கூப்பிட்டார். அவள் அழவில்லை, அதைவிட மோசமாகச் சிரித்தாள். "அவங்க என்னைப் பத்தி கேக்கறாங்கடி. அது நம்ம பேப்பர்ல எங்க கீது? நான் பீட்டர் ஏரிக்குப் போனான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது? தாளை வெட்டச் சொன்னது நான். கத்தரிக்கோல் என்னுடையது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படி அந்த சாரைத் திட்டவும் எனக்கு வழியில்லை. மூன்று பேரின் பிழைப்பையும் நானே துண்டு போட்டுவிட்டேன் என்ற நினைப்போடுதான் உள்ளே போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம், எங்களைப் போலவே நீலக் கோட்டு, எங்களைப் போலவே லைனில் போடுகிற செருப்பு. வியட்நாம் மேடம் என்றதும் நான் என்னவோ ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வருவாள் என்று நினைத்திருந்தேன். தாளைக் கொடுத்தாள். கல்லும் முள்ளுமான ரோட்டில் ஆட்டோ போகிற மாதிரி நான் அரைப் பக்கத்தைப் படித்து முடித்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. புருஷோத்தமன் சார் பேனாவை எடுத்துவிட்டார்.

போச்சு. போகிறது போகட்டும், எனக்குத் தெரிந்ததையாவது செய்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "லின்," என்றாள்.

"வேர் டூ யூ லிவ், மேடம்?"

ஏதோ ஊர் பேர் சொன்னாள். "ஹூ இஸ் தேர் வித் யூ?" என்று விடாமல் பிடித்தேன். நூறு பாடத்துக் கேள்விகள் என் நாக்கு நுனியில் இருந்தன. பீட்டரைக் கேட்ட கேள்வியையெல்லாம் அவளைக் கேட்டேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், எதில் வேலைக்குப் போவாய், சாப்பிட்டாயா, யார் சமைப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது, தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இவளும் லைனில் நின்று சார்ஜருக்கு மூடி போட்டவள்தான். ஹாஸ்டலில் உட்கார்ந்து போனில் ஃப்ரீ பாடம் படித்துத்தான் இங்கிலீஷ் வந்ததாம். "மை டாட்டர் இஸ் வித் மை மதர்," என்று சொல்லும்போது அவள் குரல் லேசாக இறங்கியது.

"அண்ட் யூ?" என்று கேட்டாள்.

என் பையன் ஊரில் மாமியாரிடம் வளர்கிறான். அவள் சொன்ன மாதிரியே நானும் சொன்னேன். "மை சன் இஸ் வித் மை மதர்-இன்-லா." பதில் வந்துவிட்டது! பதில் சொல்லுவது இவ்வளவுதானா? எதிராளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் தட்டுத் தடுமாறி நானும் ஏதோ சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

லின் மேடம் சாரிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் புரிந்தது. புரியாமலே தலையாட்டுகிற ஆளைத்தான் புது மெஷினில் நிறுத்தப் பயம், கேட்கிற ஆளை நிறுத்தலாம் என்றாள்.

"பாஸ்," என்றார் சார். அவருக்கே ஆச்சரியம்.

எனக்கு ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டும் போல இருந்தது. திரும்பினேன். கண்ணாடிக் கதவில் மூன்று மூக்குகள் அழுந்திக்கொண்டிருந்தன. குதிக்க முடியவில்லை.

"சார், அவங்க மூணு பேரு?"

"அவங்க ஆகல."

"இன்னொரு வாட்டி குடுங்க சார். அவங்களுக்குத் தெரியும். நான்தான் தப்பா ஓட்டிட்டேன்."

"அப்படில்லாம் ரூல் இல்லம்மா. உங்களுக்குக் கிடைச்சுதுல்ல? சந்தோஷமா போங்க."

நான் லின் மேடம் பக்கம் திரும்பினேன். "வை நோ செகண்ட் டைம், மேடம்?"

அவள் அதே கேள்வியை சாரிடம் திருப்பிக் கேட்டாள். மெஷின் இன்னும் ஹார்பரில் கிளியரன்ஸ் ஆகாமல் கிடக்கிறதே, அதுவரைக்கும் நேரம் இருக்கிறதே என்றாள். சாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில் வெடித்தார்.

"மூணு பேருக்குக் குடுத்தா ஃபெயிலான அத்தனை பேருக்கும் குடுக்கணும். அப்ப பாஸானவங்க சும்மா விடுவாங்களா? உங்க ரிசல்ட்ட நான் திருப்பி எடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"எடுத்துக்கோ சார்! என்னையும் ஃபெயில்ல போடு! நானும் திருப்பி வர்றேன், எல்லாருக்கும் வை!"

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. சாரை 'நீ' என்று வேறு பேசியிருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பேருக்கு எதிரே போட்டிருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். "உங்க இஷ்டம். எல்லாருக்கும் இன்னொரு டெஸ்ட் வைக்கறேன். அப்புறம் அழக் கூடாது," என்றார்.

வீட்டில் சொன்னதும் திருமலை ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். "ஃபெயிலாயி பாஸானவங்களப் பாத்துக்கீறேன். பாஸாயி ஃபெயிலானவ நீ ஒருத்திதாண்டி. வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. உன் வாய் பொழைச்சதையும் கெடுக்குது."

"திட்டு, நல்லா திட்டு. எனக்கே பயமா கீது," என்றேன். அந்த மூன்று பேருக்கும் ஏதாவது செய்யாமல் வந்திருந்தாலும் தூக்கம் வந்திருக்காது, செய்துவிட்டு வந்தும் வரப்போவதில்லை.

அவர் கீழே கிடந்த துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, சோறு நான் வடிக்கறேன். நீ போய் அந்த பீட்டர் கிட்ட உக்காரு," என்றார். புருஷன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் வெட்டாத முழுத் தாளாக ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். "லைன்ல ஒருத்தர் லீவு போட்டா இன்னா பண்ணுவோம்? ஆள மாத்தி நிப்பாட்டுவோம்ல? அதே மாதிரி. தினம் ஸ்டேஷன் மாறணும். இன்னிக்கு இசக்கி கேள்வி கேக்கறான். நான் பதில்."

இசக்கிக்குப் படிக்கும்போது வெண்கலக் குரல். கேள்வி கேட்கச் சொன்னால் எலிக் குஞ்சுக் குரல். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் பேசுகிறவனைப் போல, "வை... டிட் பீட்டர்... கோ..." என்று குழைந்தான்.

"சத்தமா கேளுடா! பீட்டர் இன்னா உன் மாமனாரா?"

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பீட்டர் ஏன் ஏரிக்குப் போனான் என்று கேட்டால், "ஏன், அவனுக்கு வேற வேலையில்லையா?" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. பதில் சொல்லு என்றால் சண்டைக்குப் போகிறாயே என்று அமலா தலையில் அடித்துக்கொண்டாள். அமலா படிக்க ஆரம்பித்தால் ஜெபம் சொல்கிற ராகம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பின் சீட்டிலிருந்து யாராவது 'ஆமென்' போடுவார்கள். பழைய வேகம் போய்விட்டது. ஒரு பாடத்துக்கே ஒரகடம் வந்துவிடும். ஆனால் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் பீட்டரும் இறங்கிப் போய்விடுவான். இப்போது லைனில் மூடியை அழுத்தும்போதும் அந்தக் கதை கூடவே நின்றது. வீட்டில் தண்ணீர் பிடிக்கும்போது, 'ஐ ஃபில் த பாட்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கன்னியப்பன் அண்ணன் பீட்டரோடு நிற்கவில்லை. ட்ராஃபிக்கில் நின்றால் எங்களைப் பார்த்து, "ஒய் பஸ் ஸ்டாப்?" என்று கேட்பார். நாலு பேரும் பதில் சொல்லும் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

இரண்டாவது டெஸ்ட் மெஷின் கேட்டுக்குள் வருவதற்கு முந்தின நாள் நடந்தது. ஃபெயிலான எல்லோரும் மறுபடி வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பூஜா முதலில் போனாள். வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அமலா போனாள், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இசக்கி வெகு நேரம் கழித்துத்தான் வந்தான். "கேள்வி புரியாதப்பல்லாம் 'ஒன்ஸ் மோர் மேடம்'னு கேட்டேன்க்கா. அஞ்சாறு தடவை கேட்டுட்டேன். அந்தம்மா கோவப்படல," என்றான். மூன்று பேரும் பாஸ். மிச்சம் நான்தான்.

உட்கார்ந்ததும் லின் மேடம் விரலை ஆட்டினாள். இன்றைக்கு நீ கேட்கக் கூடாது, நான்தான் கேட்பேன் என்றாள். வேலையைப் பற்றிக் கேட்டாள், வீட்டைப் பற்றிக் கேட்டாள். திக்கித் திணறிச் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டாள். கையில் கிடைத்த பாஸை ஏன் திருப்பிக் கொடுத்தாய்?

அதற்கு எந்தப் பாடத்திலும் விடை இல்லை. நானேதான் தேட வேண்டியிருந்தது.

"மை ஐடியா," என்றேன். "மை மிஸ்டேக். மை லைன், மேடம்." அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. அவள் மேஜைக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு பேரும் பாஸாகி வேலை ஆர்டர் வாங்கப் போன அன்றைக்கு எச்.ஆர். ரூமில் புருஷோத்தமன் சார் தாளை என் பக்கம் தள்ளி, "இங்க ஒரு கையெழுத்து," என்று பேனாவைக் கொடுத்தார். இதுவரைக்கும் அப்படித் தள்ளின தாளிலெல்லாம் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை, "இருங்க சார், படிச்சுக்கறேன்," என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். என் பேர் சரியாக இருந்தது. ஊர் சரியாக இருந்தது. வேலைக்குச் சேருகிற தேதி இருந்தது. அதற்குப் பக்கத்தில் தேடினேன், கீழே தேடினேன், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

"சார், இதுல ஒரு தப்பு கீது."

"என்ன தப்பு?"

"எந்தத் தேதிலேர்ந்துன்னு போட்டுக்கீது. எந்தத் தேதி வரைக்கும்னு போடல. கடைசி நாள எழுத மறந்துட்டாங்க."

சார் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

"மறக்கலம்மா," என்றார். "அது இதுல கிடையாது."

எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் அவரவர் தாளோடு நின்றிருந்தார்கள். நான் சொன்னதும் அமலா தன் தாளை அவசரமாகப் பிரித்து அந்த இடத்தைத் தேடினாள். அவளுடையதிலும் இல்லை. பூஜாவுடையதிலும் இல்லை. இசக்கிபாண்டி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அப்ப எதுவரைக்கும்க்கா வேலை?"

"நாமளா போற வரைக்கும்டா," என்றேன்.